திண்ணைப் பள்ளியும் கல்விச் சீர்திருத்தமும்

கல்வியைப் பற்றிய வாதம் நம் நாட்டில் 200 ஆண்டுகளாக ஓய்ந்தபாடில்லை. எம்மொழியிற் பயிற்றுவது, எந்நூலைப் பாடமாக்குவது, தேர்வு எத்துணை வைப்பது, செலவினை யார் ஏற்பது என்னும் வினாக்களே மீண்டும் மீண்டும் எழுப்பப்படுகின்றன. இவையனைத்தும் வேண்டற்பாலனவே. ஆயினும் இவற்றுக்கெல்லாம் அடியாய் நிற்கும் வினா ஒன்றுண்டு. கற்பிப்போன் எந்நிலையில் வாழ்கின்றான் என்பதே அது. அவ்வினாவை மறந்து செய்யப்பட்ட சீர்திருத்தம் எப்பயனைத் தந்தது என்பதற்குச் சென்னை இராசதானியின் கல்வி வரலாறு தக்க சான்றாகும். அதனை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

திண்ணைப் பள்ளியாவது உபாத்தியாயர் வீட்டுத் திண்ணையிலோ, ஊர்ச் செல்வர் இல்லத்துத் திண்ணையிலோ, கோயில் மண்டபத்திலோ, மரநிழலிலோ நிகழ்ந்துவந்த பள்ளியாம். விசயதசமியன்று ஏடு தொடங்கப்பெற்ற பிள்ளை முதற்கண் மணலில் விரலால் எழுதிப் பழகுவான். கை திருந்திய பின்னர் எழுத்தாணி பிடித்து ஓலையில் எழுதுவான். அரிச்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நிகண்டு என நூற்பயிற்சியும், எண்சுவடி, நெல்லிலக்கம் முதலியனவாகக் கணக்குப் பயிற்சியும் நடைபெறும். முந்திரி முதலிய கீழ்வாயிலக்கங்கள் நாள்தோறும் ஒப்பிக்கப்பெறும். சட்டாம்பிள்ளை எனப்படும் மூத்த மாணாக்கன் இளையோரைப் பயிற்றுவான். உபாத்தியாயர்க்குப் பிள்ளைகளின் பெற்றோர் தரும் சிறு காசும், அறுவடைக் காலத்து நெல்லும், நவராத்திரியில் மாணாக்கர் வீடுதோறும் பாடிப் பெற்றுத் தரும் பொருளுமே வருவாயாம். தண்டனை கடுமையாயிருந்தது என்பதையும், பொருள் விளங்காமலே மனப்பாடஞ் செய்யும் வழக்கம் மிக்கிருந்தது என்பதையும் மறைத்தல் நடுநிலையன்று.

இப்பள்ளியின் முறை கடல் கடந்து சென்ற வரலாறு பலரும் அறியாதது. சென்னை எழும்பூரில் படைவீரர்தம் அநாதைப் புதல்வர்க்கென ஏற்பட்ட விடுதியொன்றை 1789 முதல் மேற்பார்த்தவர் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார். அவர் நாட்டுப் பள்ளியொன்றிற் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுதலைக் கண்டு, அம்முறையைத் தம் விடுதியில் நடத்த விரும்பினார். ஆங்குள்ள ஆசிரியர் அதற்கு உடன்படாமையின், மாணவருள் ஒருவனைக் கொண்டே ஏனையோர்க்குக் கற்பிக்கச் செய்தார். அதன் பயனை வியந்து 1797இல் இலண்டனில் நூலொன்று வெளியிட்டார். அம்முறை ‘சென்னை முறை’ என்றே இங்கிலாந்தில் வழங்கலாயிற்று. அதனைப் பரப்புதற்கு 1811இல் ஒரு சங்கம் நிறுவப்பட்டது. ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் அவ்வழியே எழுத்தறிவு பெற்றனர். நம் திண்ணையிற் சட்டாம்பிள்ளை செய்த தொழில் அந்நாட்டிற் கல்விச் சீர்திருத்தமெனப் போற்றப்பட்டது. அதே காலத்தில் இந்நாட்டில் அத்திண்ணையின் நிலை யாதாயிற்று என்பதை இனி நோக்குவாம்.

1822ஆம் ஆண்டு ஜூன் மாதம், சென்னைக் கவர்னராயிருந்த சர் தாமஸ் மன்றோ, இராசதானியிலுள்ள நாட்டுப் பள்ளிகளையும், அவற்றிற் பயில்வோர் தொகையையும், அவர்தம் வகுப்பையும், கற்பிக்கப்படும் நூல்களையும் கணக்கிட்டு அறிவிக்குமாறு கலெக்டர்களைப் பணித்தார். விடைகள் வந்து சேரச் சில ஆண்டுகள் சென்றன. 1826ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் மன்றோ தம் முடிபினை எழுதினார். 1,28,50,941 மக்கள் வாழ்ந்த இராசதானியில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றிற் பயின்றோர் 1,88,650 பேர். பள்ளியொன்றுக்கு ஏறக்குறைய 15 மாணாக்கர், மக்கள் ஆயிரவர்க்கு ஏறக்குறைய ஒரு பள்ளி என்பது கணக்கு. வீட்டிலே கற்போரையுஞ் சேர்த்து நோக்கின், பள்ளிப் பருவத்து ஆண்மக்களுள் மூன்றிலொரு பங்கினர் கல்வி பெறுகின்றனர் என அவர் மதித்தார். இந்நிலை தம் நாட்டு நிலையினுந் தாழ்ந்ததாயினும், அண்மைக் காலம்வரை ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இருந்த நிலையினும் மேம்பட்டதென்றும் அவர் ஒப்புக்கொண்டார்.

இக்கணக்கு பிற்காலத்துப் பெருவாதத்திற்கு இடனாயிற்று. 1931ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டனில் பேசிய காந்தியடிகள், ஐம்பது அல்லது நூறு ஆண்டுகளுக்கு முன்னிருந்ததினும் இந்தியாவில் எழுத்தறிவு குறைந்துவிட்டதெனக் கூறினார். சர் பிலிப் ஹார்டாக் என்பார் அதனை மறுத்து, 1939இல் நூலாகவும் வெளியிட்டார். பின்னர்த் தரம்பால் என்னும் அறிஞர் மன்றோ காலத்து ஆவணங்களைத் தேடித் தொகுத்து 1983இல் அச்சிட்டமையால், கலெக்டர்களின் விடைகளை நாமே நேரிற் படித்துணரும் வாய்ப்புக் கிட்டிற்று. சென்னை நகரில் வீட்டிலே கற்போர் தொகை பள்ளியிற் கற்போரினும் ஐந்து மடங்கு மிக்கதென வந்த கணக்கை மன்றோவே ஐயுற்றார். ஆதலின் ஒவ்வோர் எண்ணையும் வேதவாக்காகக் கொள்ளுதல் தகாது. ஆயின் ஊர்தோறும் பள்ளி இருந்தமையும், அவை அரசினர் கட்டளையாலன்றி ஊரார் வேண்டுகையால் நடந்தமையும் ஐயத்திற்கிடமின்றித் தெளியப்படும்.

யாவர் கற்றனர் என்னும் வினாவிற்கும் அவ்வாவணங்கள் விடை தருகின்றன. தமிழ் மாவட்டங்களில் பிராமணர் முதலிய இருபிறப்பாளர் தென்னார்க்காட்டில் நூற்றுக்குச் சுமார் 13 பேராகவும், சென்னையில் 23 பேராகவும் இருந்தனர். சூத்திரரெனவும் பிற வகுப்பாரெனவும் எழுதப்பட்டோர் சேலம், திருநெல்வேலி மாவட்டங்களில் நூற்றுக்கு 70 என்னும் அளவிலும், தென்னார்க்காட்டில் 84க்கு மேலும் இருந்தனர். ஆகலின் பண்டைப் பள்ளி ஒரு வகுப்பார்க்கே உரியதாயிருந்தது என்பார் கூற்று நிலைபெறாது. அற்றேல் எல்லார்க்கும் அது திறந்திருந்ததோ எனின், அன்று. பெண்மக்கள் மிகச் சிலரே பயின்றனர். தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் திண்ணை பெரும்பாலும் எட்டாததாகவே இருந்தது. காரைக்காலம்மையாரையும் திருநாளைப்போவாரையும் திருக்கோயிலில் வைத்து வழிபடும் நாம், அவர் வழியினர்க்கு ஏட்டையும் எழுத்தாணியையும் மறுத்தது பெருங்குறையே. பழமையைப் போற்றுவோர் இதனையும் உடன் சொல்லுதல் கடன்.

இனி, கல்வி தாழ்ந்தமைக்கு மன்றோ கண்ட காரணங்கள் இரண்டு: கல்விக்கு ஊக்கமளிப்பாரின்மை ஒன்று, மக்களின் வறுமை மற்றொன்று. பெல்லாரிக் கலெக்டர் காம்பெல் 1823இல் எழுதிய விடையில் இவ்வறுமையின் தோற்றுவாய் விளங்குகின்றது. ஐரோப்பியத் துணிகளின் வரவால் நெசவாளர் தொழிலிழந்தமையும், கல்விக்கு முன்னர் அரசர் அளித்துவந்த உதவி நின்றமையும் அவராற் குறிக்கப்பட்டன. நாட்டுப் பள்ளிகளில் எழுதப் பயிற்றும் சிக்கனத்தையும், மூத்தோர் இளையோரைப் பயிற்றும் முறையையும் பாராட்டி, இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தகுமென எழுதியவரும் அவரே.

இவ்வறுமை உபாத்தியாயரையே முதலில் தாக்கிற்று. அவர் மாணாக்கரிடமிருந்து திங்களொன்றுக்குப் பெறுவது பெரும்பாலும் 6 அல்லது 7 ரூபாய்க்கு மேற்படுவதில்லை யென்றும், இவ்வருவாய்க்குத் தகுதியுடையோர் இத்தொழிலை நாடாரென்றும் மன்றோ தெளிவாக எழுதினார். நோயின் மூலம் இதுவென அறிந்த அவர் வகுத்த மருந்து யாது? தாசிலுக்கொன்றாக 300 பள்ளிகளும், கலெக்டர் ஆட்சிப் பகுதி ஒவ்வொன்றிலும் இந்துக்களுக்கொன்றும் முகம்மதியர்க்கொன்றுமாக 40 பள்ளிகளும் நிறுவுதல். தாசிற் பள்ளி ஆசிரியர்க்குத் திங்கள் 9 ரூபாயும், ஏனைய பள்ளி ஆசிரியர்க்கு 15 ரூபாயும் அளித்தல். ஆசிரியரைப் பயிற்றச் சென்னையில் தலைமைப் பள்ளி அமைத்தல் என்பன. ஆண்டுக்கு மொத்தச் செலவு 48,000 ரூபாய். 12,000க்கு மேற்பட்ட நாட்டுப் பள்ளிகள் இருந்த இடத்தில் 340 புதுப் பள்ளிகளுக்கே இத்திட்டம் வழிசெய்தது. திண்ணை உபாத்தியாயரின் நிலையோ முன்போலவே விடப்பட்டது.

1827ஆம் ஆண்டு ஜூலையில் மன்றோ வாந்திபேதியால் இறந்தார். 1828இல் கும்பினியின் இயக்குநர் இத்திட்டத்திற்கு இசைந்தனர். ஆயின் தாசிற் பள்ளிகளுக்கு ஆசிரியர் தக்கவாறு தேர்ந்தெடுக்கப்பட்டிலர். மேற்பார்வையும் செவ்வனே நிகழவில்லை. 1830இல் இயக்குநர் ஆங்கிலத்தின் வாயிலாக உயர்கல்வி அளித்தலையே வலியுறுத்தினர். 1835இல் மெக்காலேயின் குறிப்பும், அதனைத் தழுவிய பெண்டிங்க் பிரபுவின் தீர்மானமும் வெளிவந்தன. 1836இல் தாசிற் பள்ளிகள் எடுபட்டன. பத்தாண்டு முதிராமுன்னரே ஒரு சீர்திருத்தம் மறைந்தது. இம்முறை தாய்மொழிக் கல்வியால் தோற்றதெனப் பலர் அக்காலத்தில் பேசினர். சான்றுகளை நோக்குமிடத்து, ஆசிரியர் வாழ்வுக்கும் பயிற்சிக்கும் வழிசெய்யாமையால் தோற்றதென்பதே உண்மை.

1854இல் வெளிவந்த சர் சார்லஸ் உட்டின் ஆணை நாட்டுப் பள்ளிகளுக்கும் பொருளுதவி அளிக்க வழி திறந்தது. பின்னர்ச் சென்னையில் ‘தேர்ச்சிக்கேற்ற உதவி’ என்னும் முறை புகுந்தது. இன்ஸ்பெக்டர் வந்து மாணாக்கரை வினாவித் தேறினார் தொகைக்கேற்பப் பணம் அளித்தல் இதன் இயல்பு. இங்கிலாந்திலும் 1862 முதல் இத்தகைய முறையே நிலவிற்று. திண்ணை உபாத்தியாயர் இதனாற் சிறிது பொருள் பெற்றாராயினும், பிள்ளையின் அறிவை வளர்த்தலினும் இன்ஸ்பெக்டர் வினாவுக்கு விடை ஒப்பிக்கச் செய்தலே அவர் கருத்தாயிற்று. மாணாக்கன் நோயால் வாராதொழியின் உபாத்தியாயரின் ஊதியம் குறைந்தது. இம்முறையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது.

சீர்திருத்தம் வென்ற இடமும் ஒன்றுண்டு. மன்றோ விசாரணை தொடங்கிய 1822ஆம் ஆண்டிலேயே யாழ்ப்பாணத்து நல்லூரில் தோன்றியவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். மிஷன் பள்ளியில் ஊதியம் பெற்று ஆசிரியராயிருந்த அவர் அதனைத் துறந்து, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1864இல் சிதம்பரத்திலும் ஒன்று நிறுவினார். வகுப்பு முறையையும், படிப்படியாக அமைந்த அச்சுப் பாடநூலையும் அவர் மேனாட்டார் பள்ளியிலிருந்து ஏற்றுக்கொண்டார். பாலபாடங்களைத் தாமே எழுதினார். தமிழையும் சைவத்தையும் தம் ஆசிரியர் மரபினின்றும் பெற்று வழங்கினார். புதுமுறை பழங்கல்வியை அழிக்குமென்பார்க்கும், பழங்கல்வி புதுமுறையை ஏலாதென்பார்க்கும் அவ்வித்தியாசாலையே விடையாம். அவ்வெற்றியின் நிலைக்களம் கட்டடமோ விதியோ அன்று. தம்மையே அளித்த ஆசிரியர் ஒருவர் ஆங்கிருந்தமையே. ஆயினும் நாவலரைப் போன்ற துறவியொருவரை ஊர்தோறும் எதிர்பார்த்தல் எவ்வாற்றானும் இயலாது. துறவு பூண்டார் அல்லாத ஆசிரியர்க்கு வயிறும் மனையும் மக்களும் உண்டு.

இக்காலத்து நிலையைச் சிறிது கருதுவாம். வறுமையாற் பிள்ளைகள் பள்ளி புகாமைக்கு 1956 முதல் தமிழ்நாட்டிற் பரவிய நண்பகலுணவுத் திட்டம் நல்ல மருந்தாயிற்று. 2009இல் இயற்றப்பட்ட கல்வியுரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரையுள்ள குழந்தைகள் யாவர்க்கும் கல்வியை உரிமையாக்கிற்று. முன்னையோர் மறுத்த வாயில் இவ்வாறு திறக்கப்பட்டமை சைவ நெஞ்சங்கட்கு மகிழ்ச்சி தருவதாம். 2020இல் வெளிவந்த தேசியக் கல்விக் கொள்கையைப் பற்றியோ, மொழி இரண்டா மூன்றா என்னும் வாதமே பெரிதும் ஒலிக்கின்றது. அவ்வாதம் வேண்டாவென்று யாம் கூறோம். ஆயின் தற்காலிக ஆசிரியரும் தனியார் பள்ளி ஆசிரியரும் பலர் குடும்பம் நடத்தப் போதாத ஊதியம் பெறுகின்றனர் என்பதும், பதிவேடுகளும் கணக்கெடுப்பும் கற்பித்தற்குரிய பொழுதைக் கவர்கின்றன என்பதும் அவ்வொலியில் மறைந்துபோதல் கூடாது.

உயிர் அறிவிக்க அறியும் இயல்பினது என்பது நம் சித்தாந்தத்தின் துணிபு. கண்ணுக்குக் காணும் ஆற்றல் இருந்தும், ஒளியின் துணையின்றிக் காணமாட்டாது. அங்ஙனமே மாணாக்கன்பால் அறிவு உளதாயினும், அறிவிப்போன் இன்றி அது விளங்காது. நூலும் விதியும் கட்டடமும் துணைக்கருவிகளேயன்றி அறிவிப்பன ஆகா. இவ்வுண்மையைக் கோயிலிலும் மடத்திலும் ஏற்று, பள்ளிக்கூடத்தில் மறந்துவிடுதல் முறையன்று. மடாதிபதிகளும் சைவச் செல்வரும் புதுப் பள்ளி தொடங்கும்போதெல்லாம், கட்டடச் செலவை வரையறுக்குமுன் ஆசிரியர் ஊதியத்தை வரையறுத்தல் வேண்டும். 1826இல் மன்றோ எழுதியும் செய்து முடிக்காத அச்சிறு காரியத்தை இனியேனும் நம்மவர் நிறைவேற்றுவாராக. அதற்குத் திருவருள் முன்னிற்பதாக.