தீவாந்தரத்தில் ஒரு நடை

தீவாந்தரம் என்ற சொல் நம் பேச்சில் ஓர் இடத்தை விடவும் ஒரு தண்டனையையே குறித்து வந்தது. 'அவனைத் தீவாந்தரத்துக்கு அனுப்பிட்டாங்க' என்றால் அப்புறம் அவனைப் பற்றிப் பேச்சில்லை. 1952-இல் 'அந்தமான் கைதி' படம் வந்தபோது தலைப்பை யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது. இன்று ராஜகீழ்ப்பாக்கத்தில் விடிகாலை கிளம்பி மீனம்பாக்கத்தில் விமானம் ஏறுகிறவர், 2024 வரை போர்ட் பிளேர் என்றிருந்த அந்த ஊரில் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிடலாம். தண்டனையின் நிலம் உல்லாசத்தின் நிலமாகும்போது எந்த நினைவு காட்சிக்கு வைக்கப்படுகிறது, எது ஒதுக்கப்படுகிறது? பதிலுக்கு ஊரைக் காலால் நடந்து பார்க்க வேண்டும். 'ஏத்தமும் எறக்கமுமா இருக்கும் சார், நடந்தா போறீங்க?' என்று ஆட்டோக்காரர் தமிழிலேயே கேட்பார்.

அந்த ஏற்ற இறக்கங்களை வெட்டிச் சாலையாக்கியவர்கள் கைதிகள். 1857 எழுச்சி ஒடுக்கப்பட்டதும், 1858 மார்ச் 10 அன்று ஜே.பி. வாக்கர் 200 கைதிகளோடு இங்கே வந்திறங்கினார். பிறகு சென்னை மாகாணத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பல் கப்பலாக வந்தார்கள். காட்டை வெட்டினார்கள், சதுப்பைத் தூர்த்தார்கள், படகுத்துறை கட்டினார்கள். மணிக்கூண்டு நிற்கும் அபர்தீன் பஜாருக்கு அடியில் கிடப்பது இவர்கள் உழைப்புத்தான்.

பஜாரிலிருந்து கடற்கரைக்கு இறங்கினால் அபர்தீன் போரின் நினைவுச்சின்னம். 1859 மே மாதம் கிரேட் அந்தமானியர்கள் வில் அம்புகளோடு குடியேற்றத்தைத் தாக்கினார்கள். தப்பியோடி ஏறக்குறைய ஓராண்டு அவர்களோடு வாழ்ந்த துத்நாத் திவாரி என்ற கைதி திரும்பிவந்து முன்கூட்டியே தகவல் சொன்னான். அவனுக்கு மன்னிப்பு கிடைத்தது. விலங்கிடப்பட்டவனையும் நிலம் பறிகொடுத்தவனையும் மோதவிட்டு அதிகாரம் பின்னால் நின்றுகொண்டது. அம்பை வென்ற துப்பாக்கி முடிக்காததைத் தட்டம்மையும் மேகநோயும் முடித்தன. 1901 கணக்கெடுப்பில் கிரேட் அந்தமானியர் 625 பேர். 1961-இல் 19 பேர். 2010-இல் போவா சீனியர் என்ற மூதாட்டி இறந்தபோது 'போ' மொழி பேச ஆளில்லாமல் போயிற்று.

மறுபடி மேடேறினால் செல்லுலார் ஜெயில். 1896-இல் தொடங்கி 1906-இல் முடிந்தது. ஏழு சிறகுகள், 693 தனியறைகள், நடுவில் கோபுரம். ஃபூக்கோ படித்த நாம் இதை உடனே பெந்தாமின் பனோப்டிகான் என்று சொல்லிவிடுகிறோம். அவசரப்படக் கூடாது. ஒவ்வொரு சிறகின் அறைகளும் அடுத்த சிறகின் முதுகைப் பார்த்திருக்கின்றன. கோபுரத்துக் காவலன் நடைகளைப் பார்த்தான். அறைக்குள் இருந்தவனைப் பார்க்க முடியாது. ஒருவனை இன்னொருவன் பார்க்காதபடி பிரிப்பதே இதன் நோக்கம். யாரைப் பிரிக்க? 1890-இல் லயால், லெத்பிரிட்ஜ் குழு, உள்நாட்டுச் சிறைகளைவிடத் தீவாந்தரம் கைதிகளுக்கு உவப்பாகிவிட்டது என்று கண்டு, வந்தவுடன் தனிமைச் சிறை வேண்டும் என்றது. அதாவது இந்தக் கட்டடம் முதலில் திட்டமிடப்பட்டது சாதாரணக் கைதிகளுக்காக. அறைகள் 693, அக்காலத்தில் தீவில் கைதிகளோ பத்தாயிரத்துக்கும் மேல். ஊரே ஜெயிலாக இருந்தது. கடலும் காடும் சுவர்.

இன்று எஞ்சியிருப்பவை மூன்று சிறகுகள். சலவைக்கல் பலகைகளில் இருப்பவை அரசியல் கைதிகளின் பெயர்கள். 1933 உண்ணாவிரதத்தில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா மூவரும் இறந்தார்கள். அந்தத் தியாகத்தைக் குறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை. ஆனால் 1979-இல் ஜெயில் தேசிய நினைவகமானபோது, கொலைக்கும் கொள்ளைக்கும் அனுப்பப்பட்டவர்கள் தேசக் கதையாடலுக்கு வெளியே நின்றுபோனார்கள். பசிக்குத் திருடியவன், கணவனைக் கொன்றவள் - இவர்களுக்குப் பலகை கிடையாது. சில ஆண்டுகள் கழிந்தபின் அனுமதி பெற்று, சாதி பாராமல், மொழி பாராமல் மணந்துகொண்டு பிள்ளை பெற்றார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அரசு வைத்த பெயர் 'லோக்கல் பார்ன்'. 'அரசியல் கைதிகளை விடுதலை செய்' என்று சுவரில் எழுதுகிற நாமும், கைதிகளை இரண்டாகப் பிரித்துத்தானே எழுதுகிறோம்?

2024 செப்டம்பரில் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். சோழர் கடற்படையின் நினைவும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. நமக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். ஆனால் ஸ்ரீவிஜயம் என்பது 1025-இல் ராஜேந்திரன் தாக்கிய அரசின் பெயர். கம்பெனி அதிகாரி பிளேரின் பெயர் போனது நல்லதுதான். அந்த இடத்துக்கு வந்ததும் ஒரு படையெடுப்பின் பெயரே. காட்டை இழந்தவனுக்கோ சாலை போட்டவனுக்கோ அதில் இடமில்லை.

சாயங்காலம் ஒலி-ஒளிக் காட்சிக்குக் கூட்டம் சீட்டோடு உள்ளே போகிறது. பக்கத்தில், இடிக்கப்பட்ட சிறகுகள் நின்ற நிலத்தில், 1963-இல் வந்த கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனை. அங்கே காத்திருப்பவர்களில் அந்தப் பெயரில்லாத கைதிகளின் பேரப்பிள்ளைகளும் இருப்பார்கள். சுற்றுலாக்காரர் யாரும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.