பெட்டியடியும் பேரேடும்: மலாயாவில் நகரத்தார் தொழில் மேலாண்மை – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தொழிலில் வெற்றி பெறும் வழிகளைக் கூறும் தமிழ் நூல்களிலும், பள்ளி மாணவர்க்கான கட்டுரைகளிலும் நாட்டுக்கோட்டை நகரத்தார் தவறாது எடுத்துக்காட்டப்படுகின்றனர். அவர்தம் வெற்றிக்கு ஆங்குக் கூறப்படும் காரணங்கள் பெரும்பாலும் சிக்கனம், உழைப்பு, இறைப்பற்று என்னும் மூன்றனுள் அடங்கிவிடுகின்றன. இவை பொய்யல்ல. ஆயின், அதே காலத்தில் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த தமிழ்த் தொழிலாளரிடமும் இம்மூன்றும் இருந்தன. அவர்கள் கையில் முதல் சேரவில்லை. குணநலன்களைக் கொண்டு மட்டும் தொழில் வரலாற்றை விளக்க முற்படின், வறியவர் வறியவராக இருப்பதற்கு அவர்தம் குணமே காரணம் என்னும் முடிவுக்கு மாணவனை நாமே இட்டுச் செல்கிறோம். இவ்வாய்வு அதனின்று விலகி, நகரத்தாரின் தொழில் அமைப்பை நோக்குகின்றது. அவ்வமைப்பு அவர்களை உயர்த்தியதையும், 1930க்குப் பின் அதுவே அவர்களைச் சிக்கலில் ஆழ்த்தியதையும் சேர்த்தே காண்பது இதன் நோக்கமாகும்.

வருகையும் கிட்டங்கியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் செட்டிநாட்டிலிருந்து இலங்கை, பர்மா, நீரிணைக் குடியேற்றங்கள் ஆகிய இடங்களுக்கு நகரத்தார் 'கொண்டுவிற்க'ச் சென்றனர். சென்ற இடத்தில் முருகன் கோயில் எழுப்பினர். பினாங்குக் கோயில் 1857ஆம் ஆண்டையும், சிங்கப்பூர் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் 1859ஆம் ஆண்டையும் சார்ந்தவை. பினாங்கில் பினாங்குத் தெரு, சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்திரீட், கோலாலம்பூரில் அம்பாங் தெரு ஆகியவை அவர்தம் கடைவீதிகளாயின.

கிட்டங்கி என்பது பல நிறுவனங்கள் ஒரே கூடத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் இடம். ஒவ்வொரு கடைக்கும் தரையில் சிறிது இடம், ஒரு மேசைப்பெட்டி, ஓர் இரும்புப் பெட்டகம், அவ்வளவே. வாடகையும் சமையற்செலவும் குறைந்தன என்பதையே பலரும் சுட்டுவர். அதனினும் இன்றியமையாதது ஒன்றுண்டு. அடுத்த பெட்டியடியில் கடன் கேட்டு வந்து நிற்பவர் யார், அவர் முன்பு எவ்விடத்தில் தவணை தவறினார் என்பது அக்கூடத்தில் மறைபொருளாக இருக்க இயலாது. இன்று வங்கிகள் பணம் செலுத்திப் பெறும் கடன் தகவல், அன்று ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்திருந்ததனாலேயே கிடைத்தது எனலாம்.

பெட்டியடிப் பையன் முதல் ஏஜெண்டு வரை

நகரத்தார் தொழில் முறையில் மிகுந்த கவனத்துக்குரியது பணியாளரை உருவாக்கிய பாங்கு. சிறுவன் ஒருவன் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். கடையைக் கூட்டுதல், எடுபிடி வேலை செய்தல், கடிதம் கொண்டு செல்லல், கணக்கைப் படியெடுத்தல் ஆகியவை அவன் பணி. பின்னர் அடுத்தாள்; தேர்ச்சி பெற்றபின் மேலாள், அதாவது ஏஜெண்டு. 'முகவர்' என நாம் இன்று எழுதினும், அவர்கள் வழக்கில் அது ஏஜெண்டுதான்.

இப்பயிற்சிக்கு அடித்தளம் திண்ணைப் பள்ளியின் எண்சுவடியாகும். முந்திரி, காணி, மா, மாகாணி எனும் கீழ்வாயிலக்கங்களை மனப்பாடமாகக் கொண்டவன், நாள் வட்டியை எழுதுகோலின்றிக் கணிக்க வல்லவனானான். தமிழாசிரியர் பலர் கீழ்வாயிலக்கத்தை இன்று பண்பாட்டுச் சின்னமாக மட்டும் அறிமுகப்படுத்துகின்றனர். அது ஒரு தொழிற்கருவியாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லின், மாணவன் அதனை வேறு கண்ணோடு நோக்குவான்.

ஏஜெண்டு பொதுவாக மூன்றாண்டுக்கு அமர்த்தப்பட்டார். சம்பளச் சீட்டில் பணி நிபந்தனைகள் எழுதப்பட்டன. சம்பளத்தின் ஒரு பகுதி முன்பணமாகக் குடும்பத்துக்குக் கிடைத்தது. தவணை முடிவில் இலாபத்தில் ஒரு பங்கும் உண்டு. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அதிகாரப் பத்திரம் பெற்ற ஏஜெண்டு, முதலாளியின் விலாச எழுத்துகளைத் தாங்கிய பெயரிலேயே தொழில் நடத்துவார். கணக்கின் நகல் ஊருக்குச் செல்லும். தவணை முடிந்ததும் புதிய ஏஜெண்டு வந்து பேரேட்டைப் பார்த்து, எது வரும் கடன், எது வாராக் கடன் எனப் பிரித்தறிந்து பொறுப்பேற்பார்.

கடல் கடந்த இடத்தில் பிறர் பணத்தைக் கையாள்பவனை எவ்வாறு நம்புவது என்னும் வினா, இன்றைய மேலாண்மைத் துறையில் முதலாளி–முகவர் சிக்கல் எனப் பெயர் பெற்றுள்ளது. நகரத்தார் அதற்கு நேர்மையை மட்டும் விடையாகக் கொள்ளவில்லை. இலாபப் பங்கு ஊக்கம் தந்தது. அடுத்து வருபவன் கணக்கைத் திறந்து பார்ப்பான் என்னும் அறிவு தவற்றைத் தடுத்தது. ஊரில் இருந்த குடும்பத்தின் பெயரும் திருமண உறவுகளும் பிணையாக நின்றன. ஏமாற்றியவனுக்கு வேறெந்த நகரத்தார் கடையிலும் இடம் கிடைப்பது அரிது. ஏஜெண்டாக இருந்து சேர்த்த பணத்தோடு சொந்தக் கடை தொடங்குவதும் இயல்பாக இருந்தது. பணியாளனை நாளைய தொழில்முனைவோனாகக் கருதிய முறை இது.

இம்முறையின் விலையைச் செலுத்தியவர்களைப் பற்றி நம் கட்டுரைகள் அதிகம் பேசுவதில்லை. ஏஜெண்டுகள் பெரும்பாலும் குடும்பத்தை ஊரில் விட்டே வந்தனர். மூன்றாண்டுப் பிரிவு என்பது செட்டிநாட்டுப் பெண்களின் வாழ்க்கையில் மீண்டும் மீண்டும் நேர்ந்தது. அப்பெண்களின் சீதனப் பணமும் 'ஆச்சிமார் பணம்' என்னும் பெயரில் தொழிலில் வைப்பாக இடப்பட்டு வட்டி ஈட்டியது. கிட்டங்கியில் அவர்கள் இல்லை, பேரேட்டில் இருந்தனர்.

முதலும் வைப்பும்

சொந்த முதலை மட்டும் கொண்டு இத்தொழில் நடைபெறவில்லை. உறவினர் வைப்பு, கோயில் பணம், பிற நகரத்தார் கடைகளின் வைப்பு, ஐரோப்பிய வங்கிகளிலிருந்து உறுதிச் சீட்டின்பேரில் பெற்ற கடன் எனப் பல ஊற்றுகள் இருந்தன. இரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் கூடிய கூட்டங்களில், கடைகள் தமக்குள் கொடுத்து வாங்கும் வைப்புகளுக்குரிய வட்டி வீதம் முடிவு செய்யப்பட்டது. டேவிட் ரட்னர் 1994இல் வெளியிட்ட ஆய்வு, கோயிலையும் மகமையையும் தொழிலுக்குப் புறம்பான அறச்செயலாகக் காணாது, கடன் அமைப்பின் ஓர் உறுப்பாகவே காண்கிறது. இறைப்பற்று என நாம் எளிதாகச் சொல்லிவிடுவதனுள் எத்துணை நிதி ஒழுங்கு அடங்கியிருந்தது என்பதை அவ்வாய்வு உணர்த்துகிறது.

மலாயாவில் இப்பணம் சீனச் சுரங்க முதலாளிகள், இரப்பர்ச் சிறுதோட்டக்காரர்கள், கடைக்காரர்கள், மலாய் நிலவுடைமையாளர்கள், அரசு எழுத்தர்கள் ஆகியோரிடம் சென்றது. வங்கி கதவடைத்தவர்க்கு இக்கடன் கிடைத்தது உண்மை. அதற்கு ஈடாக நிலம் நின்றதும் உண்மையே.

1930க்குப் பின்

வைப்பைக் குறுகிய தவணையில் பெற்று, நிலத்தை ஈடாகக் கொண்டு நீண்ட காலக் கடன் கொடுத்தனர். விலை ஏறும் காலத்தில் இதன் அபாயம் புலப்படாது. உலகப் பொருளாதார மந்தத்தில் இரப்பர் விலையும் நெல் விலையும் வீழ்ந்தபோது கடனாளி செலுத்த இயலாதவரானார். வைப்பாளரோ பணத்தைக் கேட்டார். நிலம் கைக்கு வந்தது, பணம் வரவில்லை. கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் நகரத்தாரிடம் இருந்த நிலம் ஏறத்தாழ 6 விழுக்காடு. 1930களின் இறுதியில் அது ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று. இதனை வெற்றியாகக் காட்டும் கட்டுரைகள் உண்டு. கடன் தொழில் செய்வோனுக்கு அது தோல்வியின் அளவுகோல் என்பதே என் கருத்து. நிலத்தை இழந்த பர்மிய உழவர்க்கு அது அதனினும் கொடிது, வெறுப்பு வளர்ந்தது. 1942இல் ஜப்பானியர் படையெடுப்பால் பலர் நடந்தே இந்தியா திரும்ப நேர்ந்தது. 1948இல் பர்மா நில நாட்டுடைமைச் சட்டத்தை இயற்றியது.

மலாயாவின் நிலை வேறு. மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் 1913இல் வந்தது. 1933ஆம் ஆண்டுச் சட்டம், ஒதுக்கீட்டு நிலத்தை மலாய்க்காரரல்லாதார்க்கு ஈடு வைப்பதையும் கட்டுப்படுத்தியது. ஜப்பானியர் ஆட்சியில், மதிப்பிழந்த வாழைமரத் தாளைக் கொண்டு போருக்கு முந்திய கடனைத் தீர்த்தவர் பலர். அத்தகைய கொடுக்கல் வாங்கலை மதிப்பிடுவதற்கென்றே 1948இல் தனிச் சட்டம் தேவைப்பட்டது. 1951ஆம் ஆண்டு வட்டித் தொழிலாளர் சட்டம் உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்கிற்று.

இக்காலத்தில் சிலர் தொழிலையே மாற்றினர். மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10ஆம் நாள் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, இரங்கூன் மூன்றிடத்திலும் ஒரே நாளில் அது செயல்படத் தொடங்கியது. பினாங்குக் கிளை விரைவில் தொடர்ந்தது. கிட்டங்கி சென்ற வழியிலேயே கூட்டுப்பங்கு வங்கியும் சென்றமை காண்க. 1900இல் பர்மாவின் மௌல்மேனில் வட்டித் தொழிலாகத் தொடங்கிய முருகப்பா குடும்பம், போருக்கு முன்பே முதலை இந்தியாவுக்குத் திருப்பி, 1949இல் மிதிவண்டித் தொழிற்சாலை கண்டது. ஏனையோரிடமும் அதே பயிற்சி, அதே கணக்கு முறை, அதே சிக்கனம் இருந்தன. வேறுபட்டது, நிலத்தில் முடங்கிய பணத்தை எப்போது வெளியே எடுத்தனர் என்பதே.

நகரத்தார் பேரேடுகளில் கடனாளி ஒரு பெயரும் தொகையுமாக மட்டுமே தோன்றுகிறார். அவர் ஏன் கடன் பெற்றார், நிலம் கைமாறியபின் எங்குச் சென்றார் என்பதை அறிய மலாய் மாநிலங்களின் நில அலுவலகப் பதிவுகளைப் பேரேட்டோடு ஒட்டவைத்துப் படித்தல் வேண்டும். ஒன்று தமிழெழுத்தில், மற்றொன்று ஆங்கிலத்திலும் ஜாவியிலும் உள்ளது. இம்மூன்றையும் படிக்கவல்ல மாணவர்கள் இந்நாட்டிலேதான் இருக்கின்றனர்.