குரங்கணி மலைப்பாதைகள்: சுமைத்தடம் சுற்றுலாத்தடம் ஆன வரலாறு

குரங்கணி, தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் வட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள சிற்றூர். போடியிலிருந்து சுமார் 16 கி.மீ. தொலைவில் உள்ளது. மலைமேல் விளைந்த தேயிலையையும் ஏலக்காயையும் சமவெளிக்கு இறக்கிய பாதைகளின் அடிவாரமாக இப்பகுதி நெடுங்காலம் விளங்கியது. பிற்காலத்தில் மலையேற்றப் பயணிகள் கூடும் இடமாயிற்று. 2018 மார்ச் 11 அன்று இம்மலைச் சரிவில் ஏற்பட்ட காட்டுத்தீயில் சிக்கிய பயணிகளில் 23 பேர் உயிரிழந்தனர். தமிழ்நாட்டின் காடுகளில் நடைபயணம் செல்வதற்குத் தனி விதிகள் வர அந்நிகழ்வே காரணமாயிற்று. பிழைப்புக்காக மலை ஏறியவர்களிடம் இருந்த நில அறிவு, இயற்கையைக் காண ஏறியவர்களுக்கு வந்து சேராமல் போனதன் வரலாறு இது.

மலையும் பருவமும்

போடிக்கு மேற்கே உள்ள மலை முகடுதான் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே எல்லையாக அமைகிறது. முகட்டுக்கு அப்பால் தென்மேற்குப் பருவமழை கொட்டும். இப்பால் உள்ள கிழக்குச் சரிவு மழைமறைவுப் பகுதி. இங்கு வடகிழக்குப் பருவமழையே பெரிய ஆதாரம். ஐப்பசி, கார்த்திகையில் ஆளுயரத்துக்கு வளரும் புல், மாசி பிறக்கும்போது காய்ந்து சருகாகிவிடும். ஆகவே ஒரே மலையில் மேற்கே ஈரமான ஏலத்தோட்டங்களும் கிழக்கே தீப்பற்றக்கூடிய புல்வெளிகளும் இருக்கின்றன. கேரளப் பக்கத்திலிருந்து வரும் பயணி பசுமையான தேயிலைத் தோட்டத்தில் நின்றுகொண்டு கீழே இறங்கினால், சில மணி நேரத்தில் முற்றிலும் வேறான நிலத்துக்குள் வந்துவிடுகிறார். குரங்கணியைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு அடிப்படையானது.

சுமை இறங்கிய பாதைகள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறு பகுதித் தேயிலை வெளியூர் செல்ல இந்தக் கிழக்குச் சரிவே முக்கிய வழியாக இருந்தது. 1902இல் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக மலை முகடு வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை போடப்பட்டது. அதன் வண்டிகளை மாடுகள் இழுத்தன. 1908இல் அது நீராவி எஞ்சின் ஓடும் குறுகிய ரயில் பாதையாக மாற்றப்பட்டது. முகட்டிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிப் பகுதிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டுவண்டிகளில் போடிக்குச் சென்றன. கம்பிவடத்தின் மேல் நிலையம் இருந்த இடமே டாப் ஸ்டேஷன். சென்ட்ரல் ஸ்டேஷன், பாட்டம் ஸ்டேஷன் என்ற பெயர்களும் அதிலிருந்து வந்தவையே. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் ரயில் பாதை அழிந்தது. அது மீண்டும் அமைக்கப்படவில்லை. மதுரையிலிருந்து போடிக்கு 1928இல் ரயில் வந்தது.

ஏலக்காயின் கதையும் இதே சரிவில்தான் நடந்தது. தோட்டங்கள் பெரும்பாலும் மலைமேல் கேரள எல்லைக்குள் இருந்தாலும், அவற்றில் வேலை செய்தவர்களில் பெரும்பகுதியினர் போடி, தேவாரம், கோம்பை, கம்பம் வட்டாரத்துத் தமிழர்கள். ஜீப் வருவதற்கு முன் அவர்கள் நடந்தே ஏறினர். அரிசி, பருப்பு மேலே போனது. ஏலக்காய் மூட்டை கீழே வந்தது. இந்தச் சுமை தூக்கும் வாழ்க்கையை 2018இல் வெளிவந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ திரைப்படம் விரிவாகக் காட்டியது. இன்றும் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஏலம் நடைபெறும் முக்கிய இடங்களில் ஒன்று போடி.

சுமை தூக்கியவர்களுக்கும், மலையில் வாழும் முதுவர் பழங்குடியினருக்கும் பாதை என்பது வெறும் வழித்தடம் அல்ல. எந்த ஓடையில் எந்த மாதம் வரை தண்ணீர் இருக்கும், யானை எப்போது இறங்கும், காற்று எந்தப் பக்கம் திரும்பும், எந்தப் பாறையில் ஒதுங்கலாம் என்பவையும் அந்தப் பாதையோடு சேர்ந்தவை. அவை எழுதிவைக்கப்படவில்லை. கூட நடந்தவர்கள் மட்டுமே கற்றுக்கொண்டார்கள்.

சுற்றுலாத் தடமாக மாறுதல்

சாலைகளும் ஜீப்புகளும் வந்தபின் சுமைப் பாதைகள் பல கைவிடப்பட்டன. அவற்றில் சிலவற்றுக்கு மலையேற்றம் மறுவாழ்வு தந்தது. கொழுக்குமலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேல் உள்ள அத்தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் ஜீப் சாலை கேரளத்தின் சூரியநெல்லி வழியாகத்தான் உண்டு. தமிழ்நாட்டுப் பக்கம் குரங்கணியிலிருந்து செங்குத்தான நடைபாதை ஒன்றே வழி. சூரிய உதயத்தையும் கீழே மிதக்கும் மேகத்தையும் காணப் பெருநகர இளைஞர்கள் வார இறுதிகளில் வரத் தொடங்கினர். ஒரு நாள் ஏறி, இரவு தங்கி, மறுநாள் இறங்குவது வழக்கமாயிற்று.

2018 மார்ச் 11

அந்த வார இறுதியில் சென்னையிலிருந்து ஒரு குழுவும், ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்து மற்றொரு குழுவும் இம்மலையில் இருந்தன. மொத்தம் முப்பதுக்கும் மேற்பட்டோர். பெண்கள் பலர். ஞாயிறு பிற்பகல் கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கும்போது, ஒத்தமரம் என்னும் இடத்தை ஒட்டிய புல்சரிவில் தீ அவர்களைச் சூழ்ந்தது. முதலில் ஓடிவந்தவர்கள் உள்ளூர் மக்களும் தோட்டத் தொழிலாளர்களும்தான். போர்வைகளில் கிடத்திக் காயமடைந்தவர்களைத் தூக்கிவந்தனர். பின்னர் வனத்துறை, தீயணைப்புத் துறை, காவல்துறையினரும் இந்திய விமானப்படை ஹெலிகாப்டர்களும் மீட்பில் இணைந்தனர். ஒன்பது பேர் மலையிலேயே இறந்தனர். மற்றவர்கள் அடுத்த நாட்களிலும் வாரங்களிலும் மருத்துவமனைகளில் இறந்தனர்.

இச்சரிவில் தீ ஏன் இவ்வளவு கொடியதாயிற்று என்பதை அறிவது பயனுள்ளது. சரிவில் எரியும் தீ தனக்கு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கி உலர்த்திவிடுகிறது. அதனால் மேல்நோக்கி மிக வேகமாக ஏறுகிறது. சரிவு 10 பாகை கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தீயணைப்புப் பயிற்சியில் சொல்லப்படும் பொதுக் கணக்கு. மலைமடிப்புகளில் உள்ள ஓடைப் பள்ளங்கள் புகைபோக்கிபோல் செயல்பட்டுத் தீயை மேலே இழுக்கும். எனவே சரிவில் தீக்கு மேலே நிற்பவர் மேல்நோக்கி ஓடித் தப்ப இயலாது. புல்லற்ற பாறையோ, முன்பே எரிந்து அடங்கிய தரையோதான் புகலிடம். மாசி மாதத்தில் இப்புல்லுக்குள் நடக்கலாமா என்ற கேள்விக்கு அடிவாரத்துக்காரர் எவரும் எளிதில் விடை சொல்லியிருப்பார்.

விசாரணையும் விதிகளும்

கொழுக்குமலைப் பாதையில் செல்ல அக்குழுக்கள் அனுமதி பெறவில்லை என்று அரசு தெரிவித்தது. விசாரணைக்கு மூத்த ஆட்சிப்பணி அதிகாரி அதுல்ய மிஸ்ரா நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் என வகைப்படுத்தப்பட்டன. முன் அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயமாயின.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 பாதைகளைக் கொண்ட மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. குரங்கணி–சாம்பலாறு பாதையும் அவற்றுள் ஒன்று. இணையத்தில் முன்பதிவு செய்யவேண்டும். மலைக்கிராம இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக உடன் வருகின்றனர். 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீப்பருவத்துக்காகப் பாதைகள் மூடப்பட்டன.

பெரியாறு காட்டிய வழி

உள்ளூர் அறிவைச் சுற்றுலாவோடு இணைக்கும் முயற்சி இதே மலைத்தொடரில் முன்பே நடந்துள்ளது. கம்பத்தை அடுத்த குமுளியில், பெரியாறு புலிகள் காப்பகத்தில், 1990களின் பிற்பகுதியில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் செயல்பட்டது. காட்டு இலவங்கப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்கள் அதன்கீழ் குழுவாக அமைக்கப்பட்டுப் பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் காட்டின் காவலர்களாகவும் மாறினர். வருவாய் அவர்களுக்கே கிடைத்ததால், காட்டை விட்டுவைப்பது அவர்களுக்கு லாபமாயிற்று. சூழல் சுற்றுலாவுக்கு உலக அளவில் கூறப்படும் இலக்கணமும் இதுவே: இயற்கையைக் காப்பதும், உள்ளூர் மக்களின் நலனைப் பெருக்குவதும், வருபவர் எதையாவது கற்றுச் செல்வதும் சேர்ந்த பயணம்.

இன்றைய நிலை

2023 ஜூன் மாதம் போடிக்கு அகல ரயில் பாதையில் ரயில்கள் வரத் தொடங்கின. சென்னையிலிருந்து நேரடி ரயிலும் உண்டு. வருவோர் தொகை இனியும் கூடும். தீத்தடுப்புக் கோடுகளை ஆண்டுதோறும் வெட்டுவது, சோதனைச்சாவடியில் ஆள் கணக்கைச் சரிபார்ப்பது, வழிகாட்டிகளுக்கு ஆண்டு முழுவதும் நிலையான வருமானம் கிடைக்கச் செய்வது ஆகியவற்றைப் பொறுத்தே விதிகளின் பயன் அமையும். பாதைகள் மூடப்படும் இரண்டு மாதங்களும் அந்த வழிகாட்டிகளுக்கு வருமானம் இல்லாத மாதங்கள். அவர்களே தீக்காவலர்களாக அம்மாதங்களில் பணியாற்ற வழி செய்தால், மலைக்கும் காவல், குடும்பத்துக்கும் கூலி. குரங்கணிக்குப் போக விரும்புபவர் நாள் குறிப்பதற்கு முன், பாதை அம்மாதத்தில் திறந்திருக்கிறதா என்று கேட்பதே முதல் வேலை. மூடியிருந்தால் புல் காய்ந்திருக்கிறது என்று பொருள்.