வரிசையும் காரணமும்: லினக்ஸ் கெர்னலில் டிரைவர்கள் எழும் முறையின் வரலாறு

கைபேசியின் பொத்தானை அழுத்திச் சில நொடிகளில் திரை ஒளிர்கிறது. அந்தச் சில நொடிகளுக்குள், இயங்குதளத்தின் மையப் பகுதியாகிய கெர்னல் நூற்றுக்கும் மேற்பட்ட டிரைவர்களை எழுப்பிவிட வேண்டியிருக்கிறது. தொடுதிரையின் டிரைவர் எழ வேண்டுமானால் அத்திரைக்கு மின்சாரம் தரும் ரெகுலேட்டர் முன்பே எழுந்திருக்க வேண்டும். அந்த ரெகுலேட்டரோடு பேசுவதற்குரிய ஐ-டூ-சி தடம் அதற்கும் முன்பே எழுந்திருக்க வேண்டும். வரிசை பிறழ்ந்தால் திரை இருளாகவே இருக்கும்.

எது முதலில், எது அடுத்து என்ற கேள்விக்கு லினக்ஸ் முப்பது ஆண்டுகளில் பலவகை விடைகளைத் தந்துள்ளது. அவ்விடைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு போக்கு தெளிவாகிறது. தொடக்கத்தில் மனிதர்கள் வரிசையை எழுதினார்கள். அந்த வரிசைக்கான காரணம் அவர்களின் நினைவில் இருந்தது. பின்னர் காரணத்தை எழுதத் தொடங்கினார்கள்; வரிசையைக் கணிப்பது கெர்னலின் வேலையாயிற்று. இம்மாற்றத்தை வேண்டி நின்ற வன்பொருள் வகையோடு பெங்களூருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

1991 செப்டம்பரில் வெளிவந்த லினக்ஸ் 0.01 பதிப்பில் இச்சிக்கல் மிகச் சிறியது. அதன் முதன்மைச் செயற்கூறு நேரம், முனையம், பொறிகள், பணி ஒழுங்கு, இடைநினைவகம், வன்தட்டு ஆகிய ஆறையும் இந்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கி வைத்தது. அதன் பிறகே குறுக்கீடுகளுக்கு அனுமதி அளித்தது. வரிசை என்பது நிரலின் வரிகள் நிற்கும் இடம்தான். ஒருவரே எழுதி, ஒரே வகைக் கணினிக்கு இயற்றிய நிரலில் இது போதுமானதாக இருந்தது.

டிரைவர்கள் பெருகப் பெருக அந்தப் பட்டியல் நீண்டது. புதிய டிரைவரை எழுதிய ஒவ்வொருவரும் அந்த மையப் பட்டியலைத் தொட வேண்டியிருந்தது. 2001 ஜனவரியில் வெளியான 2.4 பதிப்பில் வேறு முறை நிலைபெற்றது. ஒவ்வொரு டிரைவரும் தன் தொடக்கச் செயற்கூறு இன்னதென்று தன் கோப்பிலேயே அறிவிக்கும். லிங்கர் அவற்றின் முகவரிகளை ஒரு தனிப் பகுதியில் அடுக்கி வைக்கும். கெர்னல் எழும்போது அந்த அடுக்கை மேலிருந்து கீழாக அழைத்துச் செல்லும். இம்முறைக்கு இனிட்கால் என்று பெயர்.

மையப் பட்டியல் மறைந்ததேயன்றி வரிசை மறையவில்லை. அது மேக்ஃபைலுக்குள் புகுந்துகொண்டது. எந்தக் கோப்பு முதலில் இணைக்கப்படுகிறதோ அதுவே முதலில் எழும். டிரைவர்களுக்கான மேக்ஃபைலில் இன்றும் காணப்படும் இரு குறிப்புகள் இவ்விடத்தில் கவனத்திற்குரியன. முனையச் சாதனங்களின் கோப்புறை எழுத்துவகைச் சாதனங்களின் கோப்புறைக்கு முன் வர வேண்டும் என்கிறது ஒன்று. திரை முனையமே இயல்பான முனையமாக அமைய வேண்டும் என்பது அதற்கான காரணம். பின் இணைப்புகளின் பயன்பாட்டைத் தீர்மானிக்கும் பகுதிக்குப் பிறகே ஜிபிஐஓ வர வேண்டும் என்கிறது மற்றொன்று. முன்னது விருப்பம், பின்னது தேவை. இரண்டும் ஒரே வடிவத்தில், வரிகளின் முன்பின்னாகவே பதிவாகியுள்ளன. குறிப்பு எழுதப்படாத பிற வரிகளில் எது விருப்பம், எது தேவை, எது தற்செயல் என்று பிரித்தறிய வழியில்லை.

2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்பு இந்த அடுக்கை ஏழு நிலைகளாகப் பகுத்தது: கோர், போஸ்ட்கோர், ஆர்ச், சப்சிஸ், எஃப்எஸ், டிவைஸ், லேட். சாதாரண டிரைவர்கள் ஆறாம் நிலையாகிய டிவைஸில் எழும். நிலைகளுக்கிடையே ஒழுங்கு கிடைத்தது. ஒரே நிலைக்குள்ளிருக்கும் நூற்றுக்கணக்கானவற்றுக்கு மேக்ஃபைலே மீண்டும் விதியாயிற்று.

இச்சிக்கல் மொழியியல் மாணவர்களுக்குப் புதியதன்று. 'மரம்' என்பதோடு 'கிளை' சேரும்போது முதலில் ஈற்று மகரம் கெடுகிறது. அதனால் 'மர' என்பது உயிரீறு போல நிற்கிறது. அதன் பின்னரே வல்லினம் மிகுந்து 'மரக்கிளை' பிறக்கிறது. முதல் விதி இரண்டாம் விதிக்கு வாய்ப்பை உண்டாக்கித் தருகிறது. இந்த வரிசையை இலக்கணி தனியே எழுதித்தான் தர வேண்டுமா, அல்லது ஒவ்வொரு விதியும் தன் நிபந்தனை நிறைவேறும்போது தானாகச் செயற்படும் என்று விட்டுவிடலாமா? பாணினியின் இலக்கணத்தில் கடைசி மூன்று பாதங்களின் விதிகள் நூலில் நிற்கும் வரிசைப்படியே செயற்படுகின்றன. 1968-இல் சாம்ஸ்கியும் ஹாலேயும் வெளியிட்ட ஆங்கில ஒலியனியல் நூலுக்குப் பிறகு, எழுதித் தரப்படும் விதிவரிசை தேவையா என்ற விவாதம் 1970களில் வலுப்பெற்றது. கெர்னல் வரலாறு ஏறக்குறைய அதே இரு முகாம்களுக்கிடையே நகர்ந்திருக்கிறது.

தனிமேசைக் கணினியில் இச்சிக்கல் பெரிதாகத் தோன்றாததற்குக் காரணம் உண்டு. பிசிஐ தடத்திலுள்ள ஒவ்வொரு சாதனமும், கேட்டால் தன் தயாரிப்பாளர் எண்ணையும் சாதன எண்ணையும் சொல்லும். மின்சாரத்தையும் கடிகாரத் துடிப்பையும் கெர்னல் எழுவதற்கு முன்பே பயாஸ் பெரும்பாலும் ஒழுங்குபடுத்திவிடும். ஏஆர்எம் வகைக் கையடக்கக் கருவிகளில் இந்த வசதிகள் இல்லை. எந்தச் சில்லு எந்த முகவரியில் உள்ளது, எந்த ரெகுலேட்டர் எதற்கு மின்சாரம் தருகிறது என்பதைக் கெர்னலுக்கு யாரேனும் சொல்லித் தர வேண்டும்.

பெங்களூர் இவ்வரலாற்றுக்குள் வருவது இந்த இடத்தில்தான். 1898-இல் பரவிய பிளேக் நோய்க்குப் பின், கண்டோன்மென்ட் பகுதியின் நெரிசலைக் குறைக்கத் திட்டமிட்டு அமைக்கப்பட்ட குடியிருப்பு பிரேசர் டவுன். அதற்கு அருகே, மில்லர்ஸ் சாலையின் சோனா டவர்ஸ் கட்டடத்தில் 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தன் இந்திய மையத்தைத் தொடங்கியது. அதன் செயற்கைக்கோள் அலைவாங்கி மாட்டுவண்டியில் கொண்டுவரப்பட்ட காட்சி நகரின் தொழில்நுட்ப வரலாற்றில் பலமுறை எடுத்துரைக்கப்படுவது. பின்னாளில் அந்நிறுவனத்தின் ஓமேப் சில்லுகள் பல கைபேசிகளில் இடம்பெற்றன. அவற்றுக்கான லினக்ஸ் நிரலாக்கத்தில் பெங்களூர் மையத்தின் பொறியாளர்களும் பங்களித்தனர். 2001-இல் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் இணைந்து அறிமுகப்படுத்திய சிம்ப்யூட்டரும் இதே வகைக் கருவிதான். ஸ்ட்ராங்ஏஆர்எம் செயலி, தொடுதிரை, ஸ்மார்ட் கார்டு வாசிப்பான் ஆகியவற்றோடு அது லினக்ஸில் இயங்கியது.

அக்காலத்தில் இத்தகைய ஒவ்வொரு பலகைக்கும் சி மொழியில் தனியொரு பலகைக் கோப்பு எழுதப்பட்டது. முகவரிகளும் குறுக்கீட்டு எண்களும் அதில் இருந்தன. சார்புகளை முழுமையாகச் சொல்லும் பொது வடிவம் இல்லை. ஆகவே பொறியாளர்கள் நிலைகளைக் கொண்டே சமாளித்தனர். ஓமேப் ஐ-டூ-சி டிரைவர் இதற்கு நல்ல சான்று. ஆறாம் நிலையில் எழ வேண்டிய அது நான்காம் நிலைக்கு உயர்த்தப்பட்டது. பிற டிரைவர்களை எழுப்ப ஐ-டூ-சி தேவைப்படலாம் என்ற காரணக் குறிப்பும் அருகில் எழுதப்பட்டது. ஆனால் இத்தகைய உயர்வுகள் தொடர்ந்தால் முடிவேது? ரெகுலேட்டர் உயர்ந்தால் அதைச் சார்ந்த ஜிபிஐஓ விரிவாக்கியும் உயர வேண்டும். ஒரு பலகையில் ஜிபிஐஓவுக்கு ரெகுலேட்டர் முதலாகும். மற்றொன்றில் ரெகுலேட்டருக்கு ஜிபிஐஓ முதலாகும். இரண்டுக்கும் பொருந்தும் ஒரே நிலை அட்டவணை இருக்க முடியாது. வரிசை டிரைவரின் பண்பன்று, பலகையின் பண்பு என்பது இங்கு வெளிப்பட்டது.

2011 மார்ச்சில், ஏஆர்எம் பிரிவில் பெருகிவந்த பலகைசார் நிரல்கள் குறித்து லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாகக் குறைகூறினார். அதனைத் தொடர்ந்து பலகை விவரங்களை நிரலிலிருந்து பிரித்து, டிவைஸ் ட்ரீ என்னும் தரவுக் கோப்புகளில் எழுதும் பணி வேகம் பெற்றது. அக்கோப்பில் தொடுதிரைக்கான பதிவு, தனக்கு மின்சாரம் தரும் ரெகுலேட்டர் இது, தன் குறுக்கீடு செல்லும் இடம் இது என்று சுட்டுகிறது. சார்பு என்பது முதன்முறையாகப் பொது வடிவில், படிக்கத்தக்க தரவாயிற்று. எனினும் வரிசையைக் கணிக்க அத்தரவு உடனே பயன்படவில்லை.

அதற்கு முன் எளிய வழியொன்று வந்தது. 2012 மே மாதத்தின் 3.4 பதிப்பில் கிராண்ட் லைக்லி எழுதிய ஒத்திவைப்பு முறை சேர்க்கப்பட்டது. தனக்குத் தேவையானது இன்னும் எழவில்லை என்று கண்ட டிரைவர் 517 என்னும் பிழை எண்ணைத் திருப்பித் தரும். கெர்னல் அதைக் காத்திருப்புப் பட்டியலில் வைத்து, வேறொரு டிரைவர் வெற்றியுடன் எழும்போது மீண்டும் முயலும். யாரும் வரிசையை எழுத வேண்டியதில்லை. நிபந்தனை நிறைவேறிய இடத்தில் விதி செயற்படுகிறது. இதன் விலையும் சிறிதன்று. பாதி வேலை செய்த பின் தோற்கும் டிரைவர் தான் பெற்றவற்றையெல்லாம் திருப்பிக் கொடுத்து மீண்டும் தொடங்க வேண்டும். ஒருபோதும் வராத ஒன்றுக்காகக் காத்திருக்கும் சாதனம் ஓசையின்றி முடங்கிக் கிடக்கும். முன்பு தவறான வரிசை பிழையாக வெளிப்பட்டது. இப்போது அது வெறும் மௌனமாக மாறக்கூடும்.

2017-இன் 4.10 பதிப்பில் ரஃபேல் விசாக்கி உருவாக்கிய டிவைஸ் லிங்க் என்னும் அமைப்பு, தருவது எது, பெறுவது எது என்ற உறவைக் கெர்னலுக்குள்ளேயே பதிவு செய்தது. இவ்வுறவுகளை டிவைஸ் ட்ரீயிலிருந்து தானாகவே வாசித்து உருவாக்கும் பகுதியைக் கூகுளின் சரவண கண்ணன் எழுதினார். 2021-இல் அது இயல்பு நிலையாயிற்று. இதன் பின்னணியில் ஒரு நடைமுறை நெருக்கடி இருந்தது. ஆண்ட்ராய்டு உலகில் ஒரே பொதுக் கெர்னலும், ஒவ்வொரு தயாரிப்பாளரின் தனி மாட்யூல்களும் என்ற பிரிப்பு கட்டாயமாகி வந்தது. மாட்யூலாகிவிட்ட டிரைவருக்கு இனிட்கால் நிலைகள் பொருளற்றவை. மேக்ஃபைலின் வரிசையும் எட்டாது. மறைவாக வரிசையைத் தாங்கியிருந்த ஊன்றுகோல்கள் நீங்கியதால் காரணத்தை வெளிப்படையாக எழுதுவது தவிர்க்க முடியாததாயிற்று. ஒன்றையொன்று சார்ந்து வட்டமாகும் உறவுகள் மட்டும் இன்றும் தொல்லை தருகின்றன. அத்தகைய வட்டத்தைக் கண்டால் கெர்னல் அங்கு தன் கட்டாயத்தைத் தளர்த்திக்கொள்கிறது.

காரணத்தை எழுதுவதால் வேகமும் கூடுகிறது. பட்டியல் எப்போதும் முழு வரிசை; தொடர்பற்ற இரண்டையும் அது முன்பின்னாக்கிவிடுகிறது. சார்புகளோ பகுதி வரிசையை மட்டுமே கோருகின்றன. தொடர்பற்றவை ஒரே நேரத்தில் எழலாம். அதற்கான வழி 2015-இன் 4.2 பதிப்பிலேயே திறந்தது. அமெரிக்க விதிப்படி, பின்னோக்கு கியர் போட்ட இரண்டு நொடிகளுக்குள் காரின் பின்புறக் காட்சி திரையில் தோன்ற வேண்டும்; 2018 மே முதல் புதிய கார்கள் அனைத்துக்கும் இது பொருந்தும். வண்டியைக் கிளப்பியவுடனே பின்னால் எடுப்பவருக்கு, கேமராவுக்குத் தொடர்பில்லாத டிரைவர்கள் எழும் வரை அக்காட்சி காத்திருக்கலாகாது.

இழப்பும் உண்டு. வரிசை நிலையாக இருந்த காலத்தில் மனிதர்கள் அதன்மேல் வேறு பலவற்றைக் கட்டியிருந்தனர். முதல் வன்தட்டு என்றும் ஒரே பெயரைப் பெறும், முதல் நெட்வொர்க் அட்டை என்றும் சுழி எண்ணைப் பெறும் என்று நம்பி எழுதிய அமைப்புக் கோப்புகள், வரிசை தளர்ந்தபோது உடைந்தன. வட்டுகளைத் தனி அடையாள எண்ணால் சுட்டும் வழக்கமும், 2013-இல் சிஸ்டம்டி 197 கொண்டுவந்த நிலையான நெட்வொர்க் பெயர்களும் அந்த உடைவுக்கான மருந்துகள். யாரும் உறுதியளிக்காத வரிசையைப் பயனர்கள் உறுதிமொழியாக வாசித்திருந்தனர்.

இது கெர்னலுக்கு மட்டும் உரிய கதையன்று. 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய மேக் கருவி, எது எதைச் சார்ந்தது என்று மட்டும் எழுதினால் வரிசையைத் தானே கணித்தது. பெயருக்கு முன் எண் இட்டு வரிசைப்படுத்திய தொடக்க நிரல்களை டெபியன் 2011 பிப்ரவரியில் வெளியான தன் பதிப்பில் சார்புமுறைக்கு மாற்றியது. ஒவ்வொரு துறையும் இதே பாதையைத் தானாகவே மீண்டும் கண்டடைய வேண்டியிருந்தது.

பழைய அடுக்குகள் அழியவில்லை. ஏழு நிலைகளும் மேக்ஃபைல் வரிசையும் ஒத்திவைப்புப் பட்டியலும் சார்பு உறவுகளும் இன்றைய கெர்னலில் ஒருங்கே வாழ்கின்றன. ஓர் ஐ-டூ-சி டிரைவர் இன்றும் நான்காம் நிலையில் நின்றால், அது உயிருள்ள தேவையா, அல்லது எப்போதோ கைவிடப்பட்ட ஒரு பலகையின் எச்சமா என்பதை நிரல் மட்டும் சொல்லாது. அதை மாற்றிய பேட்ச்சின் விளக்கக் குறிப்பு சொல்லக்கூடும். பொறியாளர் வேலை மாறிச் சென்ற பிறகும் எஞ்சுவது அந்தக் குறிப்புதான். தொழில்நுட்ப வரலாறு பயிலும் மாணவர்களுக்கு அக்குறிப்புகள் முதன்மை ஆவணங்கள். நிரல் எழுதுவோருக்கு, அடுத்து வருபவர் ஒரு வரியை அச்சமின்றி நகர்த்தவோ நீக்கவோ தேவைப்படும் ஆதாரமும் அவையே.