அடைக்கலமும் இரவலும்: சிவபுரத்து நடராசர் வரலாறு

ஒருவர் பொருள் பிறர்பாற் சேறல் மூவகைத்து. உரிமையும் உடன் செல்வது கொடை. உரிமை தம்பால் நிற்பக் காவல் மாத்திரம் செல்வது அடைக்கலம். உரிமை நிற்பப் பயன் மாத்திரம் ஒரு காலவரை பிறர்க்காவது இரவல். தம் நாட்டுப் பழஞ்செல்வங்களை அயல்நாட்டுப் பொருட்காட்சிச்சாலைகட்கு அனுப்புவோர் இவ்வேற்றுமையை ஐயமற உணர்தல் வேண்டும். இதனைச் சிவபுரத்து நடராசத் திருமேனியின் வரலாறு இனிது விளக்கும்.

குடந்தையை அடுத்த சிவபுரம் தேவாரப் பாடல் பெற்ற தலம். ஆங்கு 1951-ஆம் ஆண்டு நிலத்தினின்றும் வெளிப்பட்ட திருமேனிகளுள் பத்தாம் நூற்றாண்டுச் சோழர் காலத்து நடராசரும் ஒருவர். கோயிலிற் சேர்க்கப்பெற்ற அத்திருமேனி 1954-ல் பழுது நீக்குமாறு சிற்பியர்பால் ஒப்புவிக்கப்பட்டது. இஃது அடைக்கலம். மீண்டு வந்ததோ போலி. டக்ளஸ் பாரெட் என்னும் ஆங்கில அறிஞர், 1965-ல் வெளியிட்ட சோழர் செப்புத் திருமேனிகள் பற்றிய நூலில், கோயிலில் உள்ளது மூலமன்று என்று எழுதினர். மூலத் திருமேனி கைபல மாறி, அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் என்னும் செல்வரின் அறநிலையத்தை அடைந்தது. விலை ஏறத்தாழ 9 இலட்சம் டாலர் என்ப.

இந்திய அரசு வழக்குத் தொடுத்தது. 1976-ல் உடன்பாடு ஏற்பட்டது. உரிமை இந்தியாவினதே, பத்தாண்டு ஆண்டுக் காட்சிக்கு வைத்துப் பின் திருப்பித் தரல் வேண்டும் என்பது அதன் சாரம். அவ்வாறே 1986-ல் திருமேனி மீண்டது.

களவு போயதனைப் பின்னும் பத்தாண்டு அவர்பால் விடுத்தல் இழுக்கன்றோ எனின், இழுக்கே. பூசையின்றிக் கழிந்த நாட்களை எவ்வுடன்பாடும் மீட்டுத் தாராது. ஆயினும் அவ்வுடன்பாட்டில் இந்தியா நின்றது இரவல் கொடுப்போர் நிலையில் என்பது நோக்கத்தக்கது. கிரேக்கர் நிலை இதற்கு மறுதலை. ஏதென்சு நகரத்துப் பார்த்தினன் கோயிற் சிற்பங்களை வைத்துள்ள பிரிட்டிஷ் மியூசியம், அவற்றுள் ஒன்றனை 2014-ல் உருசிய நாட்டுக்கு இரவலாக அனுப்பிற்று. கிரேக்கரோ தம் சிற்பத்தைத் தாமே இரவல் பெற இசைந்திலர். என்னையெனின், இரவல் பெறுவோர் கொடுப்போரை உடையவர் என ஒப்பியவராவர் ஆதலின் என்க.

ஆகவே, அயல்நாடு செல்லும் பொருளுக்கு உடையவர் இன்னார், மீளும் நாள் இது என்பன எழுத்தில் அமைதல் வேண்டும். அளவும் எடையும் நிழற்படமும் முன்னரே பதிந்து, மீண்டபின் வல்லுநர் ஒப்புநோக்கல் வேண்டும். நாட்பூசை கொள்ளும் திருமேனியை இரவல் விடுத்தல் எவ்வாற்றானும் ஆகாது.

இன்னொன்றும் மறத்தற்பாலதன்று. சிவபுரத்து வஞ்சம் தொடங்கியது கடலுக்கு அப்பால் அன்று. நம் நாட்டிலேயே, நாம் கொடுத்த அடைக்கலத்திலே. அயலார்பாற் கேட்கும் கணக்கை முதற்கண் நம் கோயில்களில் நாம் எழுதி வைத்தல் கடன்.