சமூக சுகாதாரச் செவிலியம்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரம்

நோயாளி தேடி வரும்வரை காத்திராமல், மக்கள் வாழும் இடத்துக்கே செவிலியர் சென்று நோயைத் தடுப்பதும், வந்துவிட்டால் குணமாகும்வரை விடாமல் பின்தொடர்வதும் சமூக சுகாதாரச் செவிலியம். மருத்துவமனைச் செவிலியருக்குக் கட்டிலில் படுத்திருப்பவர் பொறுப்பு. இவருக்கு ஊர் முழுவதும் பொறுப்பு. குடிநீர்த் தொட்டி, கழிப்பறை, சமையலறை, வேலை நேரம் எல்லாமே அவர் கணக்கில் வரும். தமிழ்நாட்டில் இத்துறையின் முகம் கிராம சுகாதார செவிலியர், மக்கள் வாயில் ‘நர்ஸம்மா’. ஏரிப் பாசனமும் நெல்வயலுமாக இருந்து, முப்பது ஆண்டுகளுக்குள் காரும் கைப்பேசியும் செய்யும் இடமாகிவிட்ட ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் இத்துறையின் பழைய விதிகள் கடுமையான சோதனையைச் சந்தித்து வருகின்றன.

இதன் தொடக்கத்தை 1859இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் காண்கிறார்கள். வணிகர் வில்லியம் ராத்போன், தம் மனைவியின் கடைசி நாட்களில் உடனிருந்து கவனித்த மேரி ராபின்சன் என்ற செவிலியரையே ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பிப் பார்த்தார். நியூயார்க்கில் 1893இல் லிலியன் வால்ட் குடியேறிகளின் குடியிருப்புக்குள்ளேயே தங்கிப் பணியாற்றினார். தொழிற்சாலைகள் நிறைந்த வட்டாரத்துக்கு இந்த இருவரையும்விட நெருக்கமானவர் ஃபிலிப்பா ஃப்ளவர்டே. நாரிச் நகரின் கோல்மன் கடுகு ஆலை 1878இல் இவரைப் பணியில் அமர்த்தியது. ஆலையின் மருந்தகத்தில் மருத்துவருக்கு உதவுவதும், நோயுற்ற தொழிலாளர்களை அவர்கள் வீட்டிலேயே போய்ப் பார்ப்பதும் அவர் வேலை. தொழிலாளியின் இருமல் பட்டறையில் பிடித்ததா, அவர் தூங்கும் அறையில் பிடித்ததா என்று அறிய இரண்டு இடத்தையும் ஒரே கண்கள் பார்க்க வேண்டும். ஆலைச் செவிலியத்தின் முதல் பாடம் இதுவே. ஒரகடத்தில் இன்று இல்லாமல் போயிருப்பதும் இதுவே.

சென்னை மாகாணம் இத்துறையில் முந்திக்கொண்ட பகுதி. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. செவிலியர், மருத்துவச்சிகளைப் பதிவு செய்யும் சட்டம் 1926இல் வந்தது. நாட்டிலேயே முதல் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939இல் இங்குதான் இயற்றப்பட்டது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்பாக வரும் பூந்தமல்லிக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணையோடு, சுதந்திரத்துக்கு முன்பே, கிராமச் சுகாதாரத்தைச் செய்து பார்த்துப் பயிற்றுவிக்கும் சுகாதார அலகு ஒன்று அங்கே அமைந்தது. அதுவே பின்னர் பொதுச் சுகாதார நிறுவனமாக வளர்ந்தது.

நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) கமிட்டி 1946இல் தந்த அறிக்கை, 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்றும், அதில் இரண்டு மருத்துவர்களோடு 4 பொதுச் சுகாதாரச் செவிலியர்களும் 4 மருத்துவச்சிகளும் இருக்க வேண்டும் என்றும் கணக்கிட்டது. 1973இல் வந்த கர்த்தார் சிங் குழு, தனித்தனி நோய்க்குத் தனித்தனி ஊழியர் என்ற முறையை மாற்றி, பல பணிகளையும் செய்யும் ஒரே ஊழியரை முன்வைத்தது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்ற அளவு நிலைபெற்றது. தமிழ்நாட்டில் இப்படி 8,700க்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை, புதன்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி, மற்ற நாட்களில் வீடு வீடாகச் செல்வது என்ற வாராந்திர ஒழுங்கு கிராமத்துக்கே மனப்பாடம். கர்ப்பம் தெரிந்ததும் பிக்மி (PICME) எனும் கர்ப்பப் பதிவு எண் பதிவாகிறது; அந்த எண் பிரசவம், பிறப்புச் சான்றிதழ்வரை தொடர்கிறது. தாய் சேய் இறப்பைக் குறைத்ததில் தமிழ்நாடு நாட்டின் முன்வரிசையில் நிற்பதற்கு, பெயர் பெயராக எழுதிவைத்துப் பின்தொடர்ந்த இந்தப் பெண்களின் உழைப்பு முதன்மைக் காரணங்களுள் ஒன்று.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, சுங்குவார்சத்திரத்தில் சாம்சங், ஒரகடத்தில் ரெனோ–நிஸான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு என வரிசை நீண்டது. பெண்களை இரவு ஷிப்டில் வேலை வாங்கத் தடை விதித்த தொழிற்சாலைச் சட்டப் பிரிவை, பாதுகாப்பு நிபந்தனைகளோடு, 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மின்னணு ஆலைகளில் இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் சேர அது வழி திறந்தது. திருவண்ணாமலை, விழுப்புரம், தென்மாவட்டங்கள், வடமாநிலங்கள் என்று வந்தவர்கள் வாடகை வீடுகளிலும் ஒப்பந்ததாரர் நடத்தும் ஹாஸ்டல்களிலும் தங்கினார்கள்.

ஆலைக்குள் சட்டம் ஓரளவு காத்தது. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் மருத்துவ, செவிலிய ஊழியர்களோடு ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும், 250 பேருக்கு மேலிருந்தால் கேன்டீன் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் கட்டாயமாக்கியது. தொழிலாளர் காப்பீட்டுக்கான அதே ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம் சிகிச்சைக்கு வழி செய்தது. ஆனால் ஆலைச் செவிலியரின் பொறுப்பு ஆலை வாசலோடு முடிகிறது. கம்பெனி பஸ் ஏறிப் போகும் பெண் எங்கே இறங்குகிறாள், எத்தனை பேரோடு படுக்கிறாள், எந்தத் தண்ணீரைக் குடிக்கிறாள் என்பதை அவர் பார்க்க வழியில்லை. மறுபக்கம் கிராம சுகாதார செவிலியரின் பதிவேடோ திருமணத்தையும் கர்ப்பத்தையும் குழந்தையையும் சுற்றி அமைந்தது. மணமாகாத, அந்த ஊர் ரேஷன் கார்டில் பெயரில்லாத, ஷிப்டு மாறிக்கொண்டேயிருக்கும் இருபது வயதுப் பெண்ணுக்கு அதில் தெளிவான பத்தி கிடையாது. இரு செவிலியருக்கும் நடுவே விழுந்தது ஹாஸ்டல்.

அதன் விலை 2021 டிசம்பரில் தெரிந்தது. சுங்குவார்சத்திரத்தில் ஆப்பிளுக்குக் கைப்பேசி செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லிப் பகுதி விடுதியில் உணவு நஞ்சானது. 250க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சேர்க்கப்பட்டவர்களின் நிலை உடன் தங்கியிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவியது. டிசம்பர் 17 இரவு பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். சமையலறையில் எலிகளும் மோசமான வடிகாலும் இருந்ததை உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் கண்டு அதை மூடினார்கள். சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தனது தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஒப்புக்கொண்ட ஆப்பிள் நிறுவனம் ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. உற்பத்தி மறுபடி தொடங்க 2022 ஜனவரி 12 ஆயிற்று.

வேலை செய்த ஆலை காஞ்சிபுரம் மாவட்டத்தில், தூங்கிய அறை திருவள்ளூர் மாவட்டத்தில். கிராமச் சுகாதாரத்தை நாட்டுக்குக் கற்றுக்கொடுத்த ஊர்களில் ஒன்றான பூந்தமல்லியின் பக்கத்திலேயே இது நடந்தது என்பது வேதனை தரும் செய்தி. சமையலறையை மாதம் ஒருமுறை எட்டிப் பார்ப்பதும், வயிற்றுப்போக்கு இரண்டு மூன்று பேருக்கு வந்த நாளிலேயே எழுதிவைத்து மேலே சொல்வதும், யார் எந்த மருத்துவமனையில் இருக்கிறார் என்று உடன் இருப்பவர்களுக்குச் சொல்வதும் சமூக சுகாதாரச் செவிலியத்தின் அன்றாட வேலைகள். இவற்றைச் செய்யும் பொறுப்பு அந்த விடுதியில் எவருக்கும் இருந்திருந்தால் நெடுஞ்சாலைவரை போயிருக்காது.

உணவு நஞ்சு செய்தித்தாளில் வரும். மெதுவாக வரும் நோய்கள் வராது. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டுப் பெண்களில், 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரில், 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. எட்டு மணி நேரம் லைனில் நிற்கும் பெண்ணுக்கு அது மயக்கமாகவும் வேலையில் தவறாகவும் வெளிப்படும். காரணம் ரத்தத்தில் என்று யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. கழிப்பறைக்குப் போக லைனை விட வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் சிறுநீர்த் தொற்று வரும். காசநோய் இன்னும் கடினம். மருந்து ஆறு மாதம் தொடர வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி அதற்குள் ஆலையும் விடுதியும் மாறிவிடக்கூடும், ஊருக்கே திரும்பிவிடவும் கூடும். அவரைத் தேடிப் பிடித்து அடுத்த ஊர்ச் செவிலியரிடம் ஒப்படைப்பதுதான் இங்கே சிகிச்சையின் பாதி.

அரசு சும்மா இருக்கவில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மருந்துகளை வீட்டு வாசலுக்குக் கொண்டு சென்றது. 2024 ஜனவரியில் அதே முறை தொழிற்சாலைகளுக்குள்ளும் நுழைந்தது. பெண்கள் விடுதிகள் உரிமம் பெற வேண்டும் என்ற மாநிலச் சட்டம் 2014இலிருந்து இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 17 அன்று இந்த வட்டாரத்தின் வல்லம் வடகாலில், மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் கட்டிய மாபெரும் விடுதி திறக்கப்பட்டது: 706.5 கோடி ரூபாய் செலவு, 13 கட்டடத் தொகுதிகள், அறைக்கு 6 பேர் வீதம் 18,720 படுக்கைகள். ஒப்பந்ததாரரின் நெரிசல் அறைகளைவிட இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்ற பழைய அளவுப்படியே பார்த்தாலும், அந்த ஒரே வளாகத்தின் மக்கள்தொகை மூன்று நிலையங்களைத் தாண்டுகிறது. நிரந்தரக் குடிகளை மட்டும் ஊர் என்று எண்ணினால் அந்த 18,720 பேர் எந்த ஊரிலும் சேரமாட்டார்கள். சமூகம் என்பதைச் சேர்ந்து உண்டு, சேர்ந்து உறங்கும் மக்கள் என்று இத்துறை எடுத்துக்கொள்ளும்போதுதான் அவர்கள் கணக்குக்குள் வருகிறார்கள். ஷிப்டு முடிந்து வரும் நேரத்தில் செவிலியர் விடுதிக்குச் செல்ல அனுமதி, ஆலைச் செவிலியருக்கும் ஊர்ச் செவிலியருக்கும் பொதுவான பதிவேடு, இந்தியும் ஒடியாவும் பேசத் தெரிந்த துணை ஊழியர், மாவட்ட எல்லை தாண்டும் தொடர்பு ஆகியவை இந்த வட்டாரத்துக்கு உடனடித் தேவைகள். பெண்ணின் உடல்நிலைக் குறிப்பு ஒப்பந்ததாரர் கைக்கோ நிர்வாகத்தின் கைக்கோ போகக்கூடாது என்ற காப்பும் கூடவே வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் எந்தப் பெண்ணும் தன் நோயைச் சொல்லமாட்டாள்.

நாட்டில் கடைசியாக மக்கள்தொகை எண்ணப்பட்டது 2011இல். அப்போது வல்லம் வடகால் விடுதி கட்டப்படவேயில்லை. அடுத்த கணக்கெடுப்பின் அடிப்படை நாள் 2027 மார்ச் 1. அதன் புள்ளிவிவரம் கையில் வந்ததும், ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர், பூந்தமல்லி வட்டாரங்களின் விடுதிப் படுக்கைகளையும் சேர்த்து எண்ணி, சுகாதாரத் துறை செவிலியர் பணியிடங்களை உருவாக்க வேண்டும்.