மூன்று வளைவுகளும் ஒரு சின்னத் தில்லுமுல்லும்

பழைய ரோமானியக் கட்டடங்களின் உள்பக்கத்தை வரைவதற்கு ஒரு காலத்தில் தயார் ஃபார்முலாவே இருந்தது. பாதி இடிந்த கூரை, அந்த ஓட்டை வழியாகச் சாய்வாக விழும் வெளிச்சம், கீழே துணி துவைக்கும் பெண்கள். பிரெஞ்சுக்காரர் ஹூபேர் ரொபேர் 1754-லிருந்து 1765 வரை இத்தாலியில் இருந்து இதை நன்றாகப் பழகிக்கொண்டார். பார்க்க அழகுதான். ஆனால் பத்துப் படம் பார்த்தால் கொஞ்சம் சலிப்புத் தட்டிவிடும்.

எனக்குப் பிடித்தவர் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த டென்மார்க்காரர், எக்கர்ஸ்பெர்க். பாரிஸில் தாவீத்திடம் படித்துவிட்டு 1813-இல் ரோமுக்கு வந்தார். 1816 வரை அங்கேதான். கொலோசியத்தின் மூன்றாம் அடுக்கில் நின்று, வடமேற்குப் பக்கத்து மூன்று வளைவுகள் வழியாக நகரத்தைப் பார்த்து ஒரு படம் வரைந்தார். இப்போது அது கோபன்ஹேகனில் டென்மார்க் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அகலம் அரை மீட்டர்கூட இல்லை.

இதில் ஒளிக்கற்றை நாடகம் எதுவும் கிடையாது. வெளியே வெயில், வளைவுகளின் உள்பக்கம் நிழல், அவ்வளவுதான். ஆனால் அந்த நிழல் கறுப்பு இல்லை. கல்லின் சொரசொரப்பு, இடுக்கில் முளைத்த செடி எல்லாமே தெரிகிறது. இதே மாதிரி இடத்தில் மொபைலில் ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள். உள்ளே தெரிய வைத்தால் வெளியே வெளுத்துப் போகும், வெளியே சரியாக வந்தால் வளைவு கரியாகிவிடும். இரண்டு எக்ஸ்போஷர் எடுத்துச் சேர்க்கிற ஹெச்டிஆர் வேலையை இந்த மனுஷன் பிரஷ்ஷை வைத்துச் செய்திருக்கிறார்.

விஷயம் அதோடு முடியவில்லை. அந்த மூன்று வளைவுகளிலும் தெரியும் மூன்று காட்சிகளையும் ஒரே இடத்தில் நின்றுகொண்டு பார்க்கவே முடியாது! ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் நகர வேண்டும். தனித்தனியாகப் பார்த்த மூன்றையும் தையல் தெரியாமல் ஒரே படத்தில் ஒட்டிவிட்டார். நம் பனோரமா மோட் மாதிரி.

இதைச் செய்தது யார் என்பதுதான் சுவாரசியம். ரோமில் இருக்கும்போது ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோகாமல், அந்த இடத்திலேயே உட்கார்ந்து ஆயில் படங்களை வரைந்தவர் என்று பெயர் வாங்கியவர். ஊர் திரும்பி 1818-இல் அகாடமியில் பேராசிரியர் ஆனார், மாணவர்களுக்குப் பெர்ஸ்பெக்டிவ் கற்றுக்கொடுத்தார், 1841-இல் அதற்கென்று ஒரு பாடப்புத்தகமே போட்டார். விதி தெரியாமல் மீறியவர் இல்லை. அதனால் இதைப் பிழை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த அடுக்கில் நடந்துகொண்டே பார்க்கும் ஒருவருக்கு நகரம் எப்படிக் கிடைக்குமோ, அதை நின்ற இடத்திலேயே கொடுத்திருக்கிறார். ஒரு வகையில் ரொபேரின் துணி துவைக்கும் பெண்களைவிட இதுதான் பெரிய கற்பனை. துளிகூட வெளியே தெரியாததால் யாரும் கேட்பதில்லை.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். அந்தச் செடிகள் அலங்காரத்துக்காக வைத்தவை அல்ல. ரிச்சர்ட் டீக்கின் என்ற ஆங்கிலேயர் 1855-இல் கொலோசியத்தில் வளர்ந்திருந்த 420 தாவர வகைகளைப் பட்டியலிட்டு ஒரு புத்தகம் போட்டார். 1870-களில் அகழாய்வுக்காரர்கள் வந்து எல்லாவற்றையும் சுத்தமாக வழித்துவிட்டார்கள்.